லத்தீன் பெயருக்குள் ஓர் ஆடாதோடை

மழைக்காலம் வந்துவிட்டால் எங்கள் வீட்டு அலமாரியில் ஆடாதோடை மணப்பாகு ஒரு பாட்டில் நிற்கும். போன வருடம் பழைய பாட்டிலில் இரண்டு கரண்டிதான் மிச்சம் என்று இன்னொன்று வாங்கினேன். வேறு கம்பெனி. இரண்டையும் பக்கத்தில் வைத்து லேபிளைப் படித்தேன். பழையதில், சேர்மானம் என்ற இடத்தில், செடியின் பெயர் ‘அடாதோடா வாசிகா’ என்று இருந்தது. புதியதில் ‘ஜஸ்டிசியா அடாதோடா’. கடைக்காரரிடம் திரும்பப் போய்க் கேட்டேன். “அதே இலைதாங்க, ரெண்டும் ஒண்ணுதான்” என்றார்.

அவர் சொன்னது சரி. ஆனால் கேள்வி அதோடு தீரவில்லை. ஒரே செடிக்கு ஏன் இரண்டு பெயர்? ஒரு பெயரில் முதலில் நிற்கிற சொல் இன்னொன்றில் ஏன் பின்னுக்குப் போனது? அதைவிட முக்கியமாக, இரண்டு பெயரிலும் இருக்கிற அந்த ‘அடாதோடா’ நம் ஆடாதோடையேதான். லத்தீன் பெயர் என்று அச்சிட்ட இடத்தில் நம் ஊர்ச் சொல் என்ன செய்கிறது? அது லத்தீன் சொல்லாகிவிட்டதா, இல்லை லத்தீனுக்குள் விருந்தாளியாக உட்கார்ந்திருக்கிறதா?

தமிழிலிருந்தே தொடங்கலாம். இந்தச் செடிக்குத் தமிழில் ஒரே வடிவம் இல்லை. ஆடாதோடை, ஆடாதொடை, ஆடுதொடா, ஆடுதொடா இலை என்று பல வழக்குகள் உண்டு. ஆடுதொடா என்பதைப் பிரிப்பது எளிது: ஆடு தொடாத இலை. ‘தொடாத’ என்ற எதிர்மறைப் பெயரெச்சத்தின் கடைசி எழுத்து கெட்டு ‘தொடா’ என்று நிற்கிறது. ‘ஓடாக் குதிரை’, ‘வாடா மலர்’ என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதே ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். பொருளும் உண்மைதான். இலை கடும் கசப்பு, கசக்கினால் ஒரு மாதிரி வாடை. கண்டதையும் மேய்கிற வெள்ளாடுகூட இதை விட்டுவிட்டுப் போகும். கிராமங்களில் இதை வேலியோரமாக நடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் ‘ஆடாதோடை’ என்ற வடிவம் அவ்வளவு சுலபமாகப் பிரிவதில்லை. ‘ஆடு’ என்ற சொல்லிலிருந்து ‘ஆடா’ எப்படி வரும் என்பதற்கு ஆட்டுக் கதையில் விடை இல்லை. மலையாளத்தில் இதே செடி ஆடலோடகம். சமஸ்கிருதத்தில் வாசா, வாசகா என்பவற்றோடு ஆடரூஷம் என்றும் ஒரு பெயர் உண்டு. மூன்றும் ‘ஆட’ என்றே தொடங்குவதைப் பார்க்கும்போது, ஆடு தொடாத இலை என்பதை முழுமையான வேர் விளக்கமாக நான் எடுத்துக்கொள்வதில்லை. செடியின் குணத்தைச் சரியாகச் சொல்கிற, மக்கள் நாவில் நிலைத்துவிட்ட விளக்கம் அது. அந்த அளவில் அதற்கு முழு மதிப்பு உண்டு.

இந்தச் சொல் கப்பலேறியது இலங்கையிலிருந்து. 1670களில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக இலங்கையில் வேலை பார்த்தவர் பால் ஹெர்மன். ஜெர்மனியின் ஹாலே ஊரில் பிறந்தவர். மருத்துவ வேலை போக மீதி நேரமெல்லாம் செடி சேகரித்தார். காய்ந்த மாதிரிகளைத் தாளில் ஒட்டினார், ஊர்க்காரர்கள் அந்தச் செடியை எப்படி அழைக்கிறார்கள் என்பதையும் குறித்துவைத்தார். பிறகு நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பேராசிரியராகி, அங்கிருந்த தோட்டத்துச் செடிகளுக்கு 1687இல் ஒரு பட்டியல் வெளியிட்டார். அதில் நம் செடியின் பெயர் ‘அடாதோடா ஜெய்லனென்சியம்’.

அந்த இரண்டாவது சொல்லில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஜெய்லனென்சிஸ் என்றால் இலங்கையைச் சேர்ந்தவர். ஜெய்லனென்சியம் என்பது அதன் பன்மையில் ஆறாம் வேற்றுமை: இலங்கையருடைய. ஆக ஹெர்மன் வைத்த பெயரைத் தமிழில் சொன்னால் ‘இலங்கையரின் ஆடாதோடை’. இலங்கையில் விளைகிற ஆடாதோடை என்று அவர் எழுதவில்லை. இலங்கை மக்கள் ஆடாதோடை என்று எதைச் சொல்கிறார்களோ அது, என்று எழுதினார். செடியை இடத்தோடு கட்டாமல் பேசுகிற மனிதர்களோடு கட்டிய பெயர் இது. சிங்களத்திலும் ஆடதோடா என்ற வழக்கு உண்டு என்பதால், ‘இலங்கையர்’ என்ற அந்தச் சொல் இரண்டு மொழிக்காரர்களையும் சேர்த்துக்கொள்கிறது. அந்தக் காலத்துப் பெயர்களில் இப்படி ஒரு வேற்றுமை உருபு வழியாக மக்களுக்குக் கடன் ஒப்புக்கொள்வதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே மனம் நிறைகிறது.

ஹெர்மன் 1695இல் இறந்துவிட்டார். அவருடைய காய்ந்த செடித் தொகுப்பு கை மாறிக் கை மாறி கோபன்ஹேகனில் ஒரு மருந்துக்கடைக்காரரிடம் போய்ச் சேர்ந்தது. அவர் பெயர் அகஸ்ட் குந்தர். அவர் அதை சுவீடனில் இருந்த தாவரவியலாளர் கார்ல் லின்னேயசுக்கு அனுப்பிவைத்தார். அதை வைத்துக்கொண்டு, இலங்கைக்கு ஒருமுறைகூட வராத லின்னேயஸ், 1747இல் இலங்கைத் தாவரங்களைப் பற்றி ‘ஃப்ளோரா ஜெய்லானிக்கா’ என்ற புத்தகத்தை எழுதினார். அந்தத் தொகுப்பு இன்று லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அடுத்த ஆறு வருடத்தில், 1753இல், ‘ஸ்பீசிஸ் பிளாண்டாரம்’ வந்தது. (அந்தத் தலைப்பே ஆறாம் வேற்றுமைதான்: செடிகளின் இனங்கள்.) அதுவரை ஒரு செடியின் லத்தீன் பெயர் என்பது ஒரு வரி வர்ணனை. இலை இப்படி, பூவடிச் செதில் இப்படி, பூவின் மேலுதடு இப்படி என்று நீளும். லின்னேயஸ் அந்த நீண்ட வர்ணனையை விட்டுவிடவில்லை. ஆனால் பக்கத்தின் ஓரத்தில், வசதிக்காக, ஒவ்வொரு இனத்துக்கும் ஒற்றைச் சொல் ஒன்றையும் அச்சிட்டார். பேரினப் பெயரோடு (நெருங்கிய உறவுள்ள இனங்களின் குழுவுக்கு உள்ள பொதுப் பெயர்) அந்த ஓரச் சொல்லைச் சேர்த்தால் இரண்டே சொல்லில் பெயர் முடிந்துவிடும். இன்று உலகம் முழுக்கப் பயன்படும் இருசொற் பெயரிடுமுறை அந்தப் பக்க ஓரத்திலிருந்து வந்ததுதான். நம் செடியின் பக்கத்தில் ஜஸ்டிசியா என்பது பேரினம், ஓரத்தில் இருந்த சொல் அடாதோடா.

ஜஸ்டிசியா என்றதும் நீதி, நியாயம் என்று பொருள் தேடுகிறவர்கள் உண்டு. அது வேறு சொல், லத்தீனில் எழுத்தும் வேறு. இது ஜேம்ஸ் ஜஸ்டிஸ் என்ற ஸ்காட்லாந்துத் தோட்டக்காரரின் பெயர். 1698 முதல் 1763 வரை வாழ்ந்தவர். குளிர் நடுக்கும் அந்த நாட்டில் கண்ணாடிக் கூடம் கட்டி அன்னாசிப் பழம் விளைவித்தவர். தோட்டக்கலை பற்றிப் புத்தகமும் எழுதினார். செடி வளர்ப்பதில் பணத்தைத் தண்ணீராகச் செலவழித்தவர். ஒருவர் பெயரோடு ‘-இயா’ என்ற ஈற்றைச் சேர்த்தால் பேரினப் பெயர் ஆகிவிடும், அப்படி ஆன பெயர் பெண்பால். ஜஸ்டிஸ் ஆண்தான், ஆனால் ஜஸ்டிசியா பெண்பால். இப்போது இந்தப் பேரினத்தில் 600க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. இருமலுக்கும் சளிக்கும் நாம் குடிக்கும் இலைக்கும் அன்னாசி வளர்த்த அந்த மனிதருக்கும் உறவு இந்தப் பெயர் ஒன்றுதான்.

இனி இலக்கணம். இந்தப் பாதியைத்தான் பெரும்பாலான மூலிகைப் புத்தகங்கள் சொல்லாமல் விட்டுவிடுகின்றன. பெயரின் ‘அர்த்தம்’ சொல்வார்கள், அந்தச் சொல் எந்த வேலையில் நிற்கிறது என்று சொல்ல மாட்டார்கள். வேலை தெரிந்தால்தான் ஈறு ஏன் மாறுகிறது, ஏன் மாறாமல் இருக்கிறது என்பது புரியும்.

தாவரப் பெயரிடும் விதிகளின்படி, எந்த மொழியிலிருந்து வந்த சொல்லானாலும் அறிவியல் பெயர் லத்தீனாகவே நடத்தப்படும். பேரினப் பெயர் ஒரு பெயர்ச்சொல். அதற்குப் பின்னால் வருகிற சிற்றினச் சொல் பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும். முதல் வகை, பண்பைச் சொல்லும் பெயரடை. இரண்டாவது, ஆறாம் வேற்றுமையில் நிற்கும் பெயர்; ஒருவரின் நினைவாக வைக்கப்படும் பெயர்கள் பல இப்படித்தான். மூன்றாவது, எந்த வேற்றுமையும் ஏற்காமல் பக்கத்தில் வந்து நிற்கும் இன்னொரு பெயர்ச்சொல்.

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இந்த மூன்றும் புதிதே அல்ல. கருநொச்சி, செம்பருத்தி என்றால் பண்புத்தொகை. அது முதல் வகை. ‘இலங்கையரின் ஆடாதோடை’ இரண்டாவது வகை. மூன்றாவதுதான் இங்கே நமக்கு வேண்டியது: ஆலமரம், சாரைப்பாம்பு என்று சிறப்புப் பெயரும் பொதுப் பெயரும் ஒட்டி, இரண்டும் ஒரே பொருளைக் குறிக்கிற இருபெயரொட்டுப் பண்புத்தொகை. ஆலும் மரம்தான், மரமும் அந்த ஆல்தான். ஜஸ்டிசியா அடாதோடா அப்படிப்பட்ட கட்டு. ஜஸ்டிசியாவும் அதுதான், அடாதோடாவும் அதுதான். வரிசை மட்டும் தலைகீழ்: நாம் சிறப்பை முன்னால் வைத்துப் பொதுவைப் பின்னால் வைப்போம், லத்தீன் பெயரில் பொது முன்னால். ‘ஜஸ்டிசியா பேரினத்தில், ஆடாதோடை என்கிற அது’ என்று விரித்துப் படித்தால் சரியாக இருக்கும்.

முதல் வகைக்கும் மூன்றாம் வகைக்கும் என்ன வித்தியாசம் என்பது பால் பற்றிய விஷயம். நமக்குச் செடி கொடி எல்லாம் அஃறிணை, ஒன்றன்பால், பேச்சு முடிந்தது. லத்தீனில் சொல்லுக்குத்தான் பால், பொருளுக்கு அல்ல. ஒரு செடியின் பெயர் ஆண்பாலாக இருக்கும், பக்கத்துச் செடியின் பெயர் பெண்பாலாக இருக்கும், மூன்றாவது அலிப்பாலாக இருக்கும். பெயரடை அந்தப் பாலுக்கு ஏற்ப ஈறு மாற்றிக்கொள்ளும். நம் மொழியில் வினைமுற்று வந்தான், வந்தாள், வந்தது என்று மாறுகிறதே, அங்கே பெயரடை அப்படி மாறும்.

நமக்குத் தெரிந்த மூன்று மூலிகைகளை எடுத்துக்கொள்வோம். நிலவேம்பு ஆண்ட்ரோகிராஃபிஸ் பானிகுலாட்டா. பேரினம் பெண்பால், அதனால் ‘-ஆ’. கீழாநெல்லி வகைகளில் ஒன்று ஃபில்லாந்தஸ் அமாரஸ்; பேரினம் ஆண்பால், அதனால் ‘-அஸ்’. தூதுவளை சொலானம் டிரைலோபாட்டம். அலிப்பால், அதனால் ‘-அம்’. அமாரஸ் என்றால் கசப்பு, டிரைலோபாட்டம் என்றால் மூன்று மடல் கொண்டது. தூதுவளை பெண்பால் பேரினம் ஒன்றுக்கு மாறினால் அது டிரைலோபாட்டா ஆகியிருக்கும்.

இந்த மாற்றம் உண்மையிலேயே நடந்த ஒரு செடி நம் வீட்டு வாசல்களில் பூக்கிறது. நித்தியகல்யாணிக்கு லின்னேயஸ் வைத்த பெயர் வின்கா ரோசியா. பேரினம் பிறகு கதரான்தஸ் என்று மாறியது. உடனே ரோசியா, ரோசியஸ் ஆகிவிட்டது. பூ மாறவில்லை, நிறம் மாறவில்லை. பேரினத்தின் பால் மாறியதால் பெயரடையும் உடை மாற்றிக்கொண்டது.

பெயர்ச்சொல்லாக வந்து நிற்பது இப்படி மாறாது. இதற்கு மிக அழகான உதாரணம் மிளகுக் குடும்பத்தில் இருக்கிறது. பைப்பர் என்பது அலிப்பால். மிளகு பைப்பர் நைக்ரம், திப்பிலி பைப்பர் லாங்கம். கருப்பு, நீளம் என்ற இரண்டு பெயரடையும் ‘-அம்’ என்று பணிந்து முடிகின்றன. வெற்றிலை மட்டும் பைப்பர் பீட்டில். அது நம் வெற்றிலை, மலையாள வெற்றில, போர்த்துகீசியர் வாய்வழியாக லத்தீன் புத்தகத்துக்குப் போனது. அது பெயர்ச்சொல், பண்பு அல்ல. அதனால் பைப்பரின் பால் என்ன என்று அது கேட்பதே இல்லை. அடாதோடாவும் அப்படியே. அது ‘ஆ’ ஓசையில் முடிகிறது, ஜஸ்டிசியாவும் ‘ஆ’வில் முடிகிறது என்பதால் இரண்டும் பால் ஒத்து நிற்கின்றன என்று தோன்றும். தோற்றம்தான். ஜஸ்டிசியா ஆண்பாலாக இருந்திருந்தாலும் இது அடாதோடா என்றே இருந்திருக்கும், ‘அடாதோடஸ்’ ஆகியிருக்காது.

லின்னேயசே இதை எழுத்தில் காட்டினார். பெயரடையாக இருக்கும் ஓரச் சொற்களைச் சிறிய எழுத்தில் தொடங்கினார். முன்பு தனிப் பெயராகவே புழங்கிய சொற்களைப் பெரிய எழுத்தில் தொடங்கினார். அடாதோடாவுக்குப் பெரிய எழுத்து. இது ஒரு பெயர், வர்ணனை அல்ல என்பதற்கு அதுதான் அடையாளம். இன்றைய வழக்கத்தில் எல்லாச் சிற்றினச் சொல்லுக்கும் சிறிய எழுத்துதான். படிக்க ஒழுங்காக இருக்கிறது, ஆனால் அந்தச் சின்ன அடையாளம் போய்விட்டது. ‘இலங்கையரின்’ என்ற சொல் 1753இல் பெயரிலிருந்து உதிர்ந்தது, பிற்காலத்தில் பெரிய எழுத்தும் உதிர்ந்தது. மிஞ்சியது சொல் மட்டும்.

அந்தச் சொல்லையும் நாமே தப்பாகப் படிக்கிறோம் என்பதுதான் வருத்தம். ஹெர்மன் காலத்து எழுத்துக்கூட்டலில், ஆடாதோடையின் முதல் ‘டா’வுக்கு, இன்று ஆங்கிலத்தில் தனம், தர்மம் என்று எழுத நாம் போடும் இரட்டையெழுத்து வந்திருக்கிறது. நடுவில் உள்ள ‘தோ’வுக்கு, டைகர், டேபிள் என்று எழுதப் போடும் எழுத்து வந்திருக்கிறது. ஐரோப்பியக் காதுக்கு நம் டகரமும் தகரமும் பிரித்துக் கேட்பது கடினம், கையில் இருந்த எழுத்தை வைத்துச் சமாளித்திருக்கிறார்கள். இன்று ஆங்கில வழியில் படித்த ஒருவர் அதைப் பார்த்தால் எழுத்துக்கு எழுத்து ‘அதாடோடா’ என்று படிக்கிறார். டகரம் இருந்த இடத்தில் தகரம், தகரம் இருந்த இடத்தில் டகரம்! தாவரவியல் வகுப்புகளிலும் சித்த மருத்துவக் கருத்தரங்குகளிலும் இந்த உச்சரிப்பைக் கேட்டிருக்கிறேன். முதலில் வெளியான எழுத்துக்கூட்டலைக் காப்பாற்ற வேண்டும் என்பது பெயரிடும் விதி, அதனால் எழுத்தை மாற்ற முடியாது. ஆனால் வாயை மாற்றிக்கொள்ள எந்த விதியும் தடையில்லை. தமிழ் தெரிந்த ஒருவர் அதை ‘அடாதோடா’ என்று படித்தால், அதுதான் சரிக்கு மிக நெருக்கம்.

அப்புறம், லேபிள் கேள்வி. லின்னேயசுக்கு அடுத்த வருடமே, 1754இல், லண்டன் செல்சி மருத்துவத் தோட்டத்தின் தலைமைத் தோட்டக்காரர் ஃபிலிப் மில்லர், அடாதோடாவைத் தனிப் பேரினமாகவே வைத்தார். ஆக நம் சொல் பின்னிருக்கையிலிருந்து முன்னிருக்கைக்கு வந்தது. ஒரு செடி பேரினம் மாறும்போது அதன் சிற்றினச் சொல்லும் கூடவே போக வேண்டும் என்பது விதி. அப்படிப் போனால் இந்தச் செடியின் பெயர் ‘அடாதோடா அடாதோடா’ ஆகும். இங்கேதான் முட்டுக்கட்டை. விலங்கியலில் ஒரே சொல் இரண்டு முறை வரலாம்: கொரில்லாவின் அறிவியல் பெயரே கொரில்லா கொரில்லா, கருப்பு எலி ராட்டஸ் ராட்டஸ். தாவரவியலில் அது செல்லாது. பேரினப் பெயரை அப்படியே திரும்பச் சொல்லும் சிற்றினச் சொல்லுக்கு அங்கே இடமில்லை.

அதனால் பின்னிருக்கைக்கு வேறு சொல் தேட வேண்டியிருந்தது. 1790இல் ஜெர்மானியரான மெடிகஸ் ‘ஜெய்லானிக்கா’ என்றார். 1832இல் நீஸ் ஃபான் எசன்பெக், சமஸ்கிருதப் பெயரிலிருந்து ‘வாசிகா’ என்றார். முன்னால் வந்த பெயருக்குத்தான் முன்னுரிமை என்பதால், அடாதோடா பேரினத்தில் வைத்துப் பார்த்தால்கூடச் சரியான பெயர் அடாதோடா ஜெய்லானிக்காதான். ஆனாலும் வாசிகா இந்திய மருந்து நூல்களில் ஆழமாக வேர்விட்டுவிட்டது. இன்றும் லேபிள்களில் அது நிற்பதற்குக் காரணம் அந்தப் பழக்கம்தான். மூன்று பெயரில் எதைப் பார்த்தாலும் செடி ஒன்றே.

ஜெய்லானிக்கா பெயரடை என்பதைக் கவனியுங்கள். ஹெர்மனிடம் ‘இலங்கையருடைய’ என்று இருந்தது இங்கே ‘இலங்கைக்குரிய’ என்று சுருங்கிவிட்டது. மக்கள் போய் நிலம் மட்டும் நிற்கிறது. பெயரடை என்பதால் பாலுக்கு ஏற்ப மாறவும் மாறும்: சித்திரமூலம் பிளம்பாகோ ஜெய்லானிக்கா, இலங்கை லவங்கப்பட்டையின் பழைய பெயரோ சின்னமோமம் ஜெய்லானிக்கம்.

பிற்காலத்தில் தாவரவியலாளர்கள், அடாதோடாவைத் தனிப் பேரினமாகப் பிரித்துக்காட்ட அதன் பூவிலும் காயிலும் உள்ள வேறுபாடு போதாது என்று முடிவு செய்து அதை மறுபடி ஜஸ்டிசியாவுக்குள் சேர்த்தார்கள். அங்கே திரும்பிவந்ததும் இரட்டைச் சொல் தடை இல்லை. 1753இன் பழைய சொல் உடனே உயிர்பெற்றது. இப்போது பரவலாக ஏற்கப்படும் பெயர் ஜஸ்டிசியா அடாதோடா. என் புது பாட்டில் சரியாகத்தான் எழுதியிருந்தது.

இதே பேரினத்தில் நமக்கு இன்னொரு பழக்கமான செடி உண்டு, தவசிமுருங்கை. அதன் பெயர் ஜஸ்டிசியா டிராங்குவெபாரியென்சிஸ். டிராங்குவெபார் என்பது நம் தரங்கம்பாடி. டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டியிருந்த அந்தக் கடற்கரை ஊரிலிருந்து ஐரோப்பாவுக்கு நிறையச் செடிகள் போயின. ‘-என்சிஸ்’ என்றால் அந்த ஊரைச் சேர்ந்தது. ஜெய்லனென்சியம் என்பதில் பார்த்த அதே ஈறுதான். ஒரே பேரினத்தில் இரண்டு செடி: ஒன்றின் பெயரில் நம் ஊர், மற்றதன் பெயரில் நம் சொல். ஊரை லத்தீன் வளைத்து ஈறு போட்டுக்கொண்டது, சொல்லை வளைக்கவில்லை.

வாசிகா என்ற பெயர் தாவரவியலில் பின்தங்கினாலும் வேதியியலில் நிலைத்துவிட்டது. 1888இல் ஹூப்பர் என்பவர் இந்த இலையிலிருந்து ஒரு ஆல்கலாய்டைப் பிரித்தார். அதற்கு வாசிசின் என்று பெயர். நித்தியகல்யாணி கதரான்தஸ் ஆன பிறகும் அதிலிருந்து வரும் புற்றுநோய் மருந்துகள் வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் என்றே இருப்பதைப் போலத்தான் இதுவும். செடியின் பெயர் மாறும், அதிலிருந்து பிறந்த மருந்தின் பெயர் மாறாது. வாசிசினை முன்மாதிரியாக வைத்து உருவாக்கியதுதான் சளியை இளக்கும் புரோம்ஹெக்சின். அதன் வழிவந்தது ஆம்ப்ராக்சால். குழந்தைகளுக்கான இருமல் சிரப்புகளில்கூட இந்தப் பெயர்களைப் பார்த்திருப்பீர்கள். இதையும் சொல்லிவிட வேண்டும்: வாசிசினுக்குக் கருப்பையைச் சுருங்கச் செய்யும் தன்மை உண்டு. கர்ப்பிணிகள் ஆடாதோடையைத் தாங்களாகவே எடுத்துக்கொள்ளக் கூடாது.

அடாதோடா லத்தீனில் வளையவே இல்லை என்றேன். ஒரே ஓர் இடத்தில் வளைந்தது. அது மருந்துக்கடை. பழைய மருந்துக் கையேடுகளில் மருந்தின் பெயர் ‘இன்ன செடியின் இன்ன பாகம்’ என்று அமையும். செடியின் பெயர் ஆறாம் வேற்றுமையில் நிற்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் மூலிகைக் கையேடுகளில் இன்றும் இந்த முறை இருக்கிறது: ரைசோமா ஜிஞ்சிபெரிஸ் என்றால் இஞ்சியின் கிழங்கு, ரைசோமா கர்குமே லாங்கே என்றால் மஞ்சளின் கிழங்கு. மஞ்சளின் பெயரில் பேரினம், பெயரடை இரண்டுமே வேற்றுமை ஏற்று வளைவதைப் பாருங்கள்.

1900இல் பிரிட்டிஷ் மருந்துக் கையேட்டுக்கு இந்தியாவுக்கும் காலனிகளுக்குமாக ஒரு பிற்சேர்க்கை வந்தது. நம் இலைக்கு அதில் இடம் கிடைத்தது. இலையின் சாறு, டிங்சர், திரவச் சத்து என்று மூன்று தயாரிப்புகள். கம்பவுண்டர் சீசாவில் எழுதுவதற்கு லத்தீன் பெயர் வேண்டுமே. இங்கே ஆடாதோடை தனியாக நிற்கிறது, ஜஸ்டிசியா துணைக்கு இல்லை. ‘ஆ’வில் முடிகிற பெயர்ச்சொல் என்பதால் லத்தீனின் முதல் வாய்பாட்டில் அதைச் சேர்த்து, ரோசா என்பதற்கு ரோசே என்பது போல, அடாதோடா என்பதற்கு ‘அடாதோடே’ என்று ஆறாம் வேற்றுமை கொடுத்தார்கள். சாறு ‘சுக்குஸ் அடாதோடே’ ஆனது: ஆடாதோடையின் சாறு.

அந்த ஈற்றை ‘ஏ’ என்று நான் எழுதியது பிற்கால உச்சரிப்பு. ஆங்கில மருந்துக்கடைக்காரர்கள் அதை ‘ஈ’ என்றே சொல்லியிருப்பார்கள். ஆனால் லத்தீனில் அது இரண்டு உயிரெழுத்துகளைச் சேர்த்து எழுதும் ஈறு. சிசரோ காலத்து ரோமில் அதை நம் ‘ஐ’ போலவே ஒலித்தார்கள். அந்த உச்சரிப்பில் சீசாவின் லேபிளைப் படித்தால் இரண்டாவது சொல் இப்படி வருகிறது: அடாதோடை.